மிதிக்காத பிரேக் ஏன் பிடிக்கிறது?

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில், பெருநிலப் பக்கத்துப் பிறை என்ற ஊரிலிருந்து தீவை நோக்கிப் போகையில் பின் பிரேக்கை மிதிக்க வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை, 13.5 கிலோமீட்டர் தூரத்திற்குச் சமிக்ஞை விளக்கோ சந்தியோ கிடையாது. ஒரு நாள் காலையில் அந்தப் பாலத்தைக் கடந்து இறங்கியபோது என் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தது. கைப்பிடியை முறுக்கியும், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி தயங்கியது. ஓரமாக நிறுத்தி, ஈரத் துணியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரைப் பின் டிஸ்க்கின் மீது விட்டேன். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுர்ரென்று ஆவியானது. மிதிக்காத பிரேக் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே போதிய சான்று. விரலால் தொட்டுப் பார்ப்பது கூடாது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். சக்கரத்தின் விளிம்பில் வெறும் 3 கிலோ எடைக்கு இணையான இழுப்பு இருப்பதாகக் கொள்வோம். ஓட்டுபவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுப்பு ஏறத்தாழ 570 வாட் வெப்பமாக மாறுகிறது. ஒரு வீட்டு ரைஸ் குக்கர் சோறு கொதிக்கும்போது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பாலம் முழுவதும் கடப்பதற்குள் சேரும் வெப்பத்தைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்று அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும் என்றாலும், மிஞ்சுவது கையகல டிஸ்க்கிலும் அதை இறுக்கும் காலிப்பரிலும் தேங்குகிறது.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே அடிப்படை. பெடலுக்கு அருகிலுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 12.7 மில்லிமீட்டர் விட்டமும் காலிப்பர் பிஸ்டன் 30 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை என்றால், விசை ஏறத்தாழ ஐந்தரை மடங்காகிறது. ஆனால் பிடித்த பிரேக் எப்படி விடுகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகளான பேடுகளைப் பின்னுக்கு இழுக்கக் காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் இல்லை. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுடைய ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னேறும்போது வளையத்தின் உள்விளிம்பு அதைப் பற்றிக்கொண்டு கூடவே சற்று வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் ரப்பர் தன் பழைய வடிவத்திற்குத் திரும்புகையில் பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டி தடையின்றி உருள்வதும் கருகுவதும் இந்த நூலிழை இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

ரப்பர் திரும்ப வேண்டுமானால் அழுத்தம் முழுவதுமாக நீங்க வேண்டும். அதற்கென்று மாஸ்டர் சிலிண்டரின் சுவரில், மேலேயுள்ள பிரேக் ஆயில் டப்பாவோடு இணையும் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று இருக்கிறது. பெடலை விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிஸ்டனைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ள, அதன் ரப்பர் கப் அந்தத் துளையைத் தாண்டிப் போய் வழிவிடுகிறது. குழாயில் மிச்சமிருக்கும் ஆயில் டப்பாவுக்கு ஏறிவிடும். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் துளை மூடியே இருக்கும். அப்போது காலிப்பரின் சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் கூடுகிறது, பேடு இன்னும் இறுக்குகிறது, சூடு மேலும் ஏறுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழற்சி சில கிலோமீட்டரில் சக்கரத்தையே நிறுத்திவிடக் கூடும்.

இந்தக் கோளாறு தன்னை ஒளித்துக்கொள்ளும் என்பதுதான் எனக்கு நேர்ந்த சங்கடம். சூடு ஆறியதும் ஆயில் சுருங்கும், பிரேக் விடும், பட்டறைக்குப் போய்ச் சேர்கையில் சக்கரம் அழகாகச் சுற்றும். முதலில் காட்டிய கடையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் போனது புக்கிட் மெர்தாஜாமில் உள்ள வயதான ஃபோர்மேன், அதாவது மெக்கானிக் ஒருவரிடம். அவர் செய்த முதல் காரியம், என்னையே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னது.

திரும்பி வந்ததும் நடுஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் தள்ளினார், நகரவில்லை. கண்ணாடி அணிந்துகொண்டு, காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, ஸ்பானரால் கால் திருப்புத் திருப்பினார். பழுப்பு நிற ஆயில் சர்ரென்று குழாயில் ஏற, சக்கரம் தானாகவே தளர்ந்தது. “பாத்தியா தம்பி, காலிப்பர்ல தப்பு இல்ல. மேல அடைச்சிருக்கு, அதான் விடல” என்றார். கோளாறு எந்தப் பக்கம் என்பதை இந்த ஒரு சோதனை பிரித்துக் காட்டிவிடுகிறது. நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது. விடாவிட்டால் காலிப்பரிலேயே இறுக்கம் இருக்கிறது. முதல் வகையில் இன்னொரு படியும் உண்டு. மறுபடி பிடிக்க வைத்து, மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அப்போது சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில். விடாவிட்டால், உள்ளே ஊதி ஒருவழிக் கதவுபோல் அடைத்துக்கொண்ட ரப்பர் குழாயில்.

என் வண்டியில் காரணம் எளியது. பெடலை உயர்த்தி வைக்கும்படி நான் முன்பு கேட்டபோது, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் தள்ளுதண்டை நீட்டி லாக் நட்டை முடுக்கியிருக்கிறார்கள். பிளே என்று ஃபோர்மேன்கள் சொல்லும் சிறு தளர்வு அதனால் இல்லாமல் போய், பிஸ்டன் எப்போதும் லேசாக அழுத்தப்பட்டே இருந்திருக்கிறது. தண்டை இரண்டு சுற்றுக் குறைத்ததும் தீர்ந்தது. துளையில் படிந்த கசடு, சேறும் துருவும் ஏறித் திரும்ப மறுக்கும் பெடல் அச்சு, டப்பாவின் வாய்வரை நிரப்பிய ஆயில் ஆகியவையும் இதே விளைவைத் தரும். ஆக மோசமானது, பிரேக் ஆயிலில் எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ கலப்பது. கிளைக்கால் (glycol) வகைப் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் அதில் ஊறிப் பருத்துத் துளையை மூடிவிடும். பிறகு கழுவிப் பயனில்லை. ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

காலிப்பரில் இறுக்கம் என்றால் வேலை வேறு. கடற்கரையோரத்து உப்புக் காற்றிலும் மழையிலும் ஓடும் வண்டிகளில், காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்கள் (pin) எனப்படும் இரண்டு சிறு தண்டுகள் காய்ந்து துருப்பிடிப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பேடுகள் இரண்டும் ஒரே அளவில் தேயாமல் இருப்பது அதன் அடையாளம். பின்களைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெண்பொடி சேர்ந்திருந்தால், அது வளையத்தை உள்நோக்கித் தள்ளிப் பிஸ்டனை நெரிக்கும். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தத்தை நாடாமல் பெடலை மெல்ல மிதித்தே தள்ளுவது நல்லது. காற்றில் அது குண்டுபோல் பாயும். பள்ளத்தைச் சுரண்டாமல் துடைத்து, புது வளையத்தைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்த வேண்டும். பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் தேய்த்து மெருகேற்ற முயலக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மிகையல்ல. ஒட்டும் பிரேக் இந்த எல்லையைத் தொட்டால் ஆயில் கொதித்துக் குமிழியிடும், பெடல் அடிவரை இறங்கும். விடாத பிரேக்கும் பிடிக்காத பிரேக்கும் இப்படி ஒரே நாளில் அடுத்தடுத்து வரக் கூடும்.

டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் வைத்த, கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களில் இவற்றில் எதுவும் இல்லை. அங்கே கேம் அச்சுக்குக் கிரீஸும் திருகு நட்டில் போதிய தளர்வும் இருந்தால் போதும்.

பழுது பார்த்தபின் ஃபோர்மேன் என்னை மறுபடி ஓட்ட அனுப்பினார். பதினைந்து நிமிடம் கழித்து வந்து நின்றதும் டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தார். சொட்டு அப்படியே வழிந்து இறங்கியது.