ஈர விறகை மூட்டத்தில் அடுக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடும், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி மெல்ல எரித்துக் கரியாக்கும் இடங்களுக்கு அடிக்கடி போகிறேன். வேதிப் பொறியாளனான நான் அங்கே முதலில் பார்ப்பது புகையின் நிறத்தைத்தான். நெருப்பு வைத்ததும் திரண்டெழும் வெள்ளைப் புகையில் பெரும்பங்கு மரத்தின் ஈரம். அதை விரட்ட மூட்டத்துக்குள் விறகே எரிந்தாக வேண்டும். கரியாக வேண்டிய மரம் சாம்பலாகிறது. வெட்டிய விறகைச் சில வாரங்களாவது வெயிலில் காயவிடுங்கள் என்று போகுமிடமெல்லாம் மன்றாடுகிறேன்.

ஈரம் போனபின்தான் மரம் சிதையத் தொடங்கும். மரத்தை ஆக்கும் மூன்று முக்கியப் பொருள்களில் ஹெமிசெல்லுலோஸ் சுமார் 220 டிகிரி செல்சியஸில் உடையத் தொடங்குகிறது. 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ். லிக்னின் அவசரப்படாது, மெல்ல மெல்ல உடைந்து, கரிக்கு அதிகம் கொடுப்பது அதுதான். இப்போது புகை மஞ்சளாகிக் கண்ணைக் கரிக்கும்: அசிட்டிக் அமிலம், மெத்தனால், தார் எல்லாம் அதில் உண்டு. பிறகு நீலம் பாய்ந்து மெலியும்போது காற்றுத் துளைகளை அடைக்க வேண்டும். பொறுமையாகச் சூடேற்றினால் கரி கூடும். அதே மரத்தைத் தூளாக்கி, காற்றில்லாமல், நொடிகளில் 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதி எண்ணெயாகிவிடும்.

சூடேற்றும் வேகத்தைப் போலவே மரம், வைக்கோல் போன்ற உயிர்ப்பொருளில் கலந்திருக்கும் உப்புகளும் முடிவை மாற்றுகின்றன. வைக்கோலை இரண்டு பங்காக்கி, ஒன்றை மட்டும் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்து, இரண்டையும் ஆய்வுக்கூட உலையில் சூடாக்கினோம். அலசாத பங்கு குறைந்த வெப்பத்திலேயே எடை இழக்கத் தொடங்கியது. கடைசியில் கரியும் அதில்தான் அதிகம் மிஞ்சியது. காரணம், அலசலில் போய்விடாமல் அதில் தங்கிய பொட்டாசியம். யாரும் சேர்க்காமலேயே உள்ளிருந்து வேலை செய்யும் வினையூக்கி அது. கரி கூடுகிறதே என்று மகிழ வேண்டாம். வைக்கோலை எரிக்கும் கொதிகலனில் இதே பொட்டாசியம் சாம்பலை உருக்கிக் குழாய்களில் கட்டியாக ஒட்டவைக்கும். மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் கொதிகலனுக்கு நல்லது என்பது இதனால்தான்.

மூட்டப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்று வீசும் திசையில் குடிசை போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறேன். மூட்டத்தருகே தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் உடனே விலகித் திறந்த வெளிக்குப் போய்விடுங்கள். பிரித்த கரி முழுதாக ஆறும்வரை மூட்டை கட்டி அறைக்குள் அடுக்காதீர்கள். காற்றுப் பட்டதும் அது மறுபடி கனலும்.