சைடு இம்பாக்ட் புரொடக்‌ஷன் = பக்கமோதல் காப்பு

குழந்தைக்கு கார் சீட் தேடுகிறவர் யாரும் தாண்டிப் போக முடியாத சொல் இது. சாதா சீட் ஒரு விலை, அட்டைப்பெட்டியில் ‘சைடு இம்பாக்ட் புரொடக்‌ஷன்’ என்று அச்சாகியிருந்தால் இன்னொரு விலை, அதற்கு முன்னால் ‘எக்ஸ்ட்ரா’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ ஒட்டிக்கொண்டால் அதற்கும் மேலே. சரி, இந்தச் சொல் எதைத்தான் சொல்கிறது, கூடுதல் காசுக்கு எதைத் தருகிறது?

நேர்ப்பொருள் எளிது. கதவுப் பக்கமாக ஒரு வண்டி வந்து இடிக்கும்போது உள்ளே இருப்பவரைக் காப்பது. இதில் ‘இம்பாக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘இம்பிங்கெரெ’ என்றால் ஒன்றை இன்னொன்றுக்குள் அறைந்து செலுத்துவது. பக்கமோதலில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுவேதான், கதவு உள்ளே அறையப்படுகிறது. முன்பக்க மோதலில் பானெட், எஞ்சின் என்று நசுங்கி வேகத்தைத் தின்ன நிறைய இடம் இருக்கிறது. பக்கத்தில் குழந்தைக்கும் இடிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கதவின் கனம் மட்டும்தான். அதனால்தான் முன்மோதலைவிடக் குறைவாக நடந்தாலும் பக்கமோதல் கடுமையாக முடிகிறது, அதுவும் இடிபடும் பக்கத்திலேயே குழந்தை உட்கார்ந்திருந்தால்.

கார் உலகில் இந்தப் பெயரை விளம்பரத்துக்குக் கொண்டுவந்ததில் வோல்வோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1991-இல் வந்த வோல்வோ 850-இல் ‘சிப்ஸ்’ என்று சுருக்கமாக அழைத்த ‘சைடு இம்பாக்ட் புரொடக்‌ஷன் சிஸ்டம்’ இருந்தது (நொறுக்குத் தீனி இல்லை). கதவில் விழும் அடியைத் தரை, இருக்கை, கூரை வழியாக வண்டியின் உடல் முழுக்கப் பரப்பிவிடும் கட்டுமானம் அது. 1994-இல் பக்கவாட்டு ஏர்பேக்கும் சேர்ந்தது. ஆக அப்போது அந்தச் சொல் காரின் எலும்புக்கூட்டைக் குறித்தது, குழந்தை சீட்டில் ஒட்டிய மெத்தையை அல்ல.

குழந்தை சீட்டுக்கு வந்தபோது சொல் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடப்பிலிருந்த ஆர்44 விதிமுறை முன்மோதலையும் பின்மோதலையும் சோதித்ததே தவிர பக்கமோதலைக் கேட்கவே இல்லை. 2013-இல் வந்த ஆர்129 தான் (ஐ-சைஸ் என்று கடைகளில் சொல்வது இதன் கீழ் வருவது) அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் இதற்கு விதி எழுதச் சொல்லி 2012-இல் சட்டம் வந்தும், இறுதி விதி வெளியானது 2022-இல்தான். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி பக்கவாட்டில் வந்து மோதுவதைப் போன்ற சோதனை, சுமார் 18 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளின் சீட்டுகளுக்கு. அதற்கு முன்னால் ‘சைடு இம்பாக்ட் டெஸ்டட்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தக் கம்பெனி தானே தேர்ந்த வேகத்தில் தானே ஒரு சோதனை வைத்து தானே பாஸ் போட்டுக்கொண்டது என்றுகூடப் பொருள் இருக்கலாம்.

இன்றைக்கு இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. முதலாவது, சீட்டின் ஓட்டோடு வருவது: தலைக்கு இருபுறமும் ஆழமான சிறகுகள், உள்ளே அதிர்ச்சியை உறிஞ்சும் நுரை, தோளையும் இடுப்பையும் அணைக்கும் பக்கச்சுவர். தலை வெளியே போய்க் கதவிலோ கண்ணாடியிலோ மோதாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. இரண்டாவது, சீட்டின் வெளிப்பக்கத்தில் புடைத்து நிற்கும் துண்டு. சைபெக்ஸ் ‘எல்.எஸ்.பி.’ என்று சொல்வது இதைத்தான், மற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. கதவு உள்ளே வரும்போது முதலில் இதைத் தொடும், சீட் கொஞ்சம் முன்னதாகவே நகரத் தொடங்கும், அடி சீட்டின் ஓடு முழுக்கப் பரவும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கதவை ஒட்டி வைத்த சீட்டில், கதவுப் பக்கத்துத் துண்டுக்கு மட்டுமே வேலை. நடு இருக்கையில் வைத்தால் அது சும்மா.

தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘பக்கவாட்டுத் தாக்கப் பாதுகாப்பு’ என்று துப்புகின்றன. தாக்கம் என்றால் இன்று நமக்குப் புயலின் தாக்கம், விலைவாசியின் தாக்கம். இந்த இடத்துக்கு மோதல் சரி. ‘லாரி மீது கார் மோதல்’ என்று செய்தியில் படித்துப் பழகிய சொல். பாதுகாப்பு என்பது போலீஸ் பந்தோபஸ்துவரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், அதனால் நான் காப்பு என்பேன். மேலே சுற்றி அணிந்து காக்கும் பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது: மின்காப்பு, கையில் போடும் காப்பு, அப்புறம் பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்புப் பருவம், குழந்தையைக் காக்கச் சொல்லித் தெய்வங்களை வேண்டுவது. ஆகவே சீட்டோடு வருவது பக்கமோதல் காப்பு. வெளியே புடைத்து நிற்பதைப் பக்கத் திண்டு என்று தனியாகச் சொல்லிவிட்டால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

பக்கமோதல் காப்புக்குக் காசு கொடுங்கள், தயங்க வேண்டாம். பூஸ்டர் (வளர்ந்த பிள்ளைக்குக் காரின் பெல்ட் சரியாகப் படும்படி உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வாங்கும் வயதிலும் முதுகுச் சாய்வும் தலைச் சிறகும் உள்ளதாக வாங்குங்கள், வெறும் அடிப்பலகை பூஸ்டர் பக்கமோதலில் தலைக்கு எதுவும் செய்யாது. பக்கத் திண்டோ, நமக்குப் பிடித்த சீட்டில் கூடவே வந்தால் சந்தோஷம், அதற்காகவே பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசைவிட அதிகம் தருவது பிள்ளையை முடிந்தவரை நீண்ட நாள் பின்னோக்கி உட்கார வைப்பது. நிஜ சாலையில் பக்கமோதல் பெரும்பாலும் சுத்தமாகப் பக்கத்திலிருந்து மட்டும் வராது, நம் வண்டியும் முன்னே போய்க்கொண்டிருப்பதால் தலை முன்னும் பக்கமுமாகச் சாய்ந்து சிறகுக்கு வெளியே வந்துவிடலாம். பின்னோக்கிய சீட்டில் அதே விசை தலையை ஓட்டுக்குள்ளேயே அழுத்தும். ஆர்129 குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கி என்கிறது, ஸ்வீடனில் 4 வயதுவரைகூட அப்படி வைக்கிறார்கள். சீட்டும் ஆடக் கூடாது. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது என்றால் திண்டும் சிறகும் இருந்து பெரிய பயன் இல்லை.

இந்தியாவில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் எந்த சீட் என்பதில்தான் கவனம் வேண்டும். பெட்டி விளம்பரத்தை விட்டுவிட்டு சீட்டிலேயே ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளைப் பாருங்கள். அதில் ஆர்129 இருந்தால், வெறும் அடிப்பலகை பூஸ்டரைத் தவிர, பக்கமோதல் சோதனை முடித்தது. ஆர்44 மட்டும் இருந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், அந்த விதி அந்தச் சோதனையைக் கேட்கவில்லை.