வாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின்: பெரியவர்கள் மறுபடி விழுங்கப் பழகுவது

நாக்கு, கன்னம், தாடை எலும்பு என்று பெரிய அறுவை முடிந்து வீடு திரும்பும் பெரியவரிடம் குடும்பம் முதலில் பார்ப்பது தையலைத்தான். தையல் ஆறிவிடும். சாப்பாடும் பேச்சும் தோள் அசைவும் தானாகத் திரும்பாது. முதல் சில மாதங்களில் பயிற்சியை விட்டால் பிறகு மீட்பது கடினம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலோ அறுவை முடித்து வெளியூர் திரும்புபவர்களுக்குப் பயிற்சி நின்றுபோவது இந்தக் கட்டத்தில்தான்.

பலர் மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு போகும் குழாயோடு வருகிறார்கள். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்ற வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, 200 முதல் 250 மி.லி. வரை, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் 30 மி.லி. தண்ணீர். அப்புறம் முக்கால் மணி நேரமாவது படுக்க விடக்கூடாது. குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சி, அல்லது அரைகுறையாகப் பொடித்த மாத்திரை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது; மாற்று மருந்து கேளுங்கள். வெறும் கஞ்சியும் இளநீரும் போதாது. பால், முட்டை, மசித்த பருப்பு சேராவிட்டால் எடை இறங்கும், தசை கரையும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

வாய்வழி ஆரம்பிக்கும்போது 'ஒரு வாய் தண்ணி குடிங்கப்பா' என்று நீட்டுவதுதான் ஆபத்து. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். கெட்டியான கூழ் பலருக்குக் கட்டுப்படும். யாருக்கு எது என்பதை விழுங்கும் பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். ஆனால் வயதானவர்களுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குப் போவதுண்டு. விழுங்கியதும் குரல் தண்ணீரில் கொப்பளிப்பதுபோல் மாறுவது, நெஞ்சில் சளிச் சத்தம், விட்டு விட்டுக் காய்ச்சல் இவைதான் அடையாளம். குழாயில் சாப்பிடுபவருக்கும் தினமும் வாய் சுத்தம் அவசியம். வாயின் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினாலும் நிமோனியா வரும். வீடுகளில் அதிகம் விட்டுப்போவது இந்த வாய் சுத்தம்தான்.

அவரவர் மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறக்க வேண்டும், 35 மி.மீ.க்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்று கணக்கு. ரேடியேஷன் தொடங்கினால் இன்னும் இறுகும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டும் பயிற்சியை டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து தினமும் பலமுறை செய்ய வேண்டும்.

கழுத்து நெறிக்கட்டிகளை எடுத்தபின் தலைவாரக் கை தூக்க முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் மூட்டுவலி அல்ல. தோள் நரம்பு பாதிப்பு. பிசியோதெரபி வேண்டும்.

ரேடியேஷன் எடுத்த தாடையில் பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகலாம். பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர் மாதங்கள் கழித்துச் சோர்ந்து, மலச்சிக்கலோடு, பேச்சு குறைந்து உட்கார்ந்திருந்தால் வயசு என்று விடாதீர்கள். தைராய்டு குறைந்திருக்கலாம், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.