கொட்டுக்கு அஞ்சாத தேன்பருந்து

பெரும்பாலான கழுகு, பருந்துகளுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள இடம் கிட்டத்தட்ட வெறுந்தோல்தான். மயிர் மாதிரி சில தூவிகள் இருக்கும், அவ்வளவே. தேன்பருந்துக்கு மட்டும் அந்த இடத்தில் விறைப்பான குட்டி இறகுகள் செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடுக்கே இல்லாமல் மூடியிருக்கும். மூக்குத் துளையும் குறுகிய கீற்றுதான். தலையைக் கொண்டுபோய் விடுவது குளவிக் கூட்டுக்குள் என்றால் இந்தக் கவசமெல்லாம் வேண்டும்தானே!

தேனையும் தின்னும். ஆனால் அது குறிவைப்பது அடைக்குள் இருக்கும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும்தான். குஞ்சு வளர்க்கத் தேவையான புரதமும் கொழுப்பும் அவற்றில்தான் இருக்கின்றன.

காலைப் பாருங்கள். மற்ற வேட்டைப் பறவைகளின் நகம் கொக்கியாக வளைந்து இரையின் உடம்பில் இறங்கும். தேன்பருந்தின் நகத்தில் வளைவு குறைவு; குத்திக் கொல்வதைவிட மண்ணைப் பறிக்கவே தோது. ஜப்பானியக் காடுகளில் மண்ணுக்கடியில் கூடு கட்டும் குளவிகளை இது காலாலேயே தோண்டி எடுக்கிறது. கால் முழுக்கத் தடித்த செதில் இருப்பதால் கொடுக்கு எளிதில் இறங்காது. கூடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பொறுமையான வேலை. கிளையில் அசையாமல் உட்கார்ந்து, போகிற வருகிற குளவிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று கவனித்துக்கொண்டே இருக்கும்.

நம் ஊரில் கோயில் கோபுரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பெரிய மரக்கிளைகளிலும் மலைத்தேனீ ஒற்றை அடையைத் தொங்கவிடும். அதன்மேல் தேனீக்கள் அடுக்கடுக்காக மூடி நிற்கும். தேன்பருந்து நேராகப் போய் அடையில் மோதி ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய்விடும். பின்னாலேயே துரத்தும் தேனீக்கள் பாவம், இறகில்தான் கொட்டிக்கொண்டிருக்கும். கோபம் கொண்ட அந்தக் கூட்டத்தின் கீழே நாம் நிற்காமல் இருப்பது நல்லது.

குஞ்சுகளுக்கு முழு அடைத் துண்டாகவே கூட்டுக்கு வந்து சேரும். தாயோ தகப்பனோ ஒவ்வொரு அறையாகப் புழுவை இழுத்து ஊட்டும். கூடு கிடைக்காத நாளில் தவளை, ஓணான், சின்னப் பாம்பு என்று எது அகப்பட்டாலும் சரி.

தைவானில் தேனீ வளர்ப்பவர்கள் பூ குறைந்த காலத்தில் மகரந்தம், சோயா மாவு, சர்க்கரை எல்லாம் பிசைந்து பெட்டிகளுக்கு வைக்கிறார்கள். தேன்பருந்துகள் அதையும் தேடி வந்து தின்னப் பழகிவிட்டன. மகரந்தம் கலந்த உருண்டையையும் கலக்காததையும் வைத்துச் சோதித்தபோது, மகரந்தம் உள்ளதையே அவை தேடிப் போயின. கண்ணோடு மூக்கையும் பயன்படுத்துகின்றன என்பது 2015-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. பருந்து என்றாலே கூர்மையான பார்வை என்று மட்டும் நினைத்துப் பழகிய நமக்கு இது புதுச் செய்தி.

அடையாளம் காண்பதுதான் தலைவலி. ஒன்று வெளிர் நிறம், இன்னொன்று கருப்புக்குப் பக்கத்தில், மூன்றாவது வரி வரியாக. நிறத்தை நம்பாமல், நீண்ட கழுத்தில் புறாவுக்கு இருப்பது மாதிரி சின்னத் தலை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணைப் பார்க்கும் அளவு கிட்டத்தில் கிடைத்தால், வளர்ந்த ஆணுக்குக் கருமை, பெண்ணுக்கு மஞ்சள்.

தமிழ்நாட்டில் நிரந்தரமாக வாழ்பவையும் உண்டு, வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வருபவையும் உண்டு. பெரிய பயணம் ஜப்பான் பறவைகளுடையது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோயோஷி ஹிகுச்சி குழு 2003 முதல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி இவற்றைப் பின்தொடர்ந்தது. இலையுதிர் காலத்தில் அவை கிழக்குச் சீனக் கடலை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நேராகக் கடந்து சீனாவுக்குப் போய், மலாய் தீபகற்பம் வழியாகச் சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை இறங்குகின்றன. சிறகடிக்காமல் மிதக்கும் பறவைக்கு மேலெழும் காற்று வேண்டும். கடல்மேல் அது பொதுவாகக் கிடைக்காது. ஆனால் இலையுதிர் காலத்தில் கடல் நீர் சூடாகவும் மேலே வீசும் வடகிழக்குக் காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் கடலிலேயே காற்று மேலெழுகிறது, அந்தக் காற்றே பின்னாலிருந்தும் தள்ளுகிறது.

வசந்தத்தில் இந்த வசதி இல்லை. அதனால் திரும்பும்போது சீனாவுக்குள்ளேயே வடக்கே ஏறி, கொரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு, மே மாத வாக்கில் ஜப்பான் வந்து சேர்கின்றன. அப்போது ராணிக் குளவிகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். பருந்துக் குஞ்சு வாய் பிளக்கும் கோடைக்குள் அடைகளில் புழு நிறைந்திருக்கும்.