குழந்தையின் கழுத்தில் வீக்கமா? தைராய்டு ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனுக்குப் பிள்ளையை அழைத்துவரும் அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "தைராய்டு இருக்கா இல்லையான்னு இதுலயே தெரிஞ்சிடுமா டாக்டர்?" பாதிதான் தெரியும். ஹார்மோன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சுரப்பி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும்.

இது ஒலி அலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வெறும் வயிறு தேவையில்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஜெல் தடவிப் பார்ப்போம். சில நிமிட வேலை.

நல்ல சுரப்பி, பக்கத்துத் தசையைவிட வெளுப்பாக, ஒரே சீராகத் தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் அது கறுத்து, திட்டுத் திட்டாக இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் வயதுக்கு வரும் பருவத்தில், இது அதிகம். டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்; ரத்தத்தில் பார்ப்பது) நார்மலாக இருக்கும்போதே சிலருக்கு இந்த மாற்றம் ஸ்கேனில் தெரிந்துவிடும். அதைப் பார்த்ததுமே மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தம் பார்த்துக்கொண்டே வந்தால், ஹார்மோன் குறைந்து வளர்த்தி தடைபடும் முன்பே பிடித்துவிடலாம்.

கட்டி விஷயம் வேறு. குழந்தைகளுக்குத் தைராய்டில் கட்டி வருவது அபூர்வம். ஆனால் வந்தால், ஏறக்குறைய நான்கில் ஒன்று புற்றாக இருக்கலாம். பெரியவர்களிடம் இது 5 முதல் 10 சதவீதம்தான். பிள்ளைகளிடம் இந்தப் புற்று கழுத்து நிணநீர்க் கட்டிகளுக்கும் சீக்கிரம் பரவும். அதனால் "சளிக்கு நெறி கட்டியிருக்கு, தானா வடிஞ்சிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பரவிய பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் சிகிச்சையில் நன்றாகத் தேறுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டி போலத் தெரிவதெல்லாம் கட்டியும் அல்ல. சில பிள்ளைகளுக்கு, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பியின் ஒரு துணுக்கு தைராய்டுக்குள்ளேயே தங்கிவிடும். கறுப்பாக, உள்ளே வெள்ளைப் புள்ளிகளோடு, அசல் புற்றுக் கட்டி போலவே இருக்கும். நெஞ்சின் மேற்பகுதியில் உள்ள தைமஸையும் பார்த்து ஒப்பிட்டால், பல சமயம் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் அவசியமே வராது. குழந்தைகளைப் பார்த்துப் பழகியவரிடம் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துவிடலாமா? வேண்டாம். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் முதல் சுற்றிலேயே சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்கு ஸ்கேன் செய்து, 100-க்கும் மேற்பட்டோரிடம் புற்று அல்லது புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கண்டார்கள். அவற்றில் பல, தேடாவிட்டால் நெடுங்காலம் தொந்தரவே தந்திருக்காத சிறு கட்டிகள் என்பது பல நிபுணர்களின் கருத்து. விபத்து நடந்த ஊரிலும் எல்லோருக்கும் இப்படி ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று 2018-ல் ஐ.ஏ.ஆர்.சி. (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) நிபுணர் குழு சொன்னது.

கழுத்தில் வீக்கமோ கட்டியோ தென்பட்ட பிள்ளைக்கும், முன்பு கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பிள்ளைக்கும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பச்சிளங்குழந்தைக்கு முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைதான்.

இன்னொன்று. நடுக்கழுத்தில், நாக்கை நீட்டும்போது மேலே ஏறும் வீக்கம் பெரும்பாலும் நீர்க்கட்டிதான். ஆனால் அபூர்வமாக, அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே தைராய்டு அதுவாகவே இருக்கும். எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன், தைராய்டு தன் இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.