நஞ்சுக்கொடி மூட்டும் அழற்சி

முழுமையான முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் கருப்பைக்குள் குழந்தை இருக்காது. நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்க்கொப்புளங்களாகக் கண்டபடி வளர்ந்து கிடக்கும். அந்தப் பெண்ணுக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வரலாம். ஆக, இந்த நோய்க்குக் குழந்தை தேவையில்லை, நஞ்சுக்கொடி போதும்.

வழக்கமாக இது 20 வாரங்களுக்குப் பிறகு தலைகாட்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடும். கூடவே சிறுநீரில் புரதம் போகும், இல்லாவிட்டால் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஏதாவது ஓர் உறுப்பு அடிவாங்கும். நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இப்படி ஆகின்றன.

தாயின் எதிர்ப்பு சக்தி கருவை அந்நியமாகப் பார்த்துத் தாக்குகிறது என்று இதற்கு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. நடப்பது அவ்வளவு நேரடியானதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை உள்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் ‘இயற்கைக் கொல்லி’ செல்கள். பெயர்தான் பயங்கரம், அங்கே அவை யாரையும் கொல்வதில்லை. நஞ்சுக்கொடியின் செல்கள் சுவருக்குள் ஊடுருவி, தாயின் சுருள் தமனிகளை அகலமாக்குவதற்கு உதவும் ரசாயனங்களை இந்தக் கொல்லி செல்கள் சுரக்கின்றன. நஞ்சுக்கொடிச் செல்களின் மேற்பரப்பில் தந்தையிடமிருந்து வந்த அடையாளப் புரதங்களும் இருக்கும். கொல்லி செல்களின் ஏற்பிகள் அவற்றைத் தொட்டுப் பார்க்கின்றன. சில மரபணுச் சேர்க்கைகளில் இந்தத் தொடுகை கொல்லி செல்களை அளவுக்கு மீறி அடக்கிவிடுகிறது. உதவி குறைகிறது, தமனிகள் குறுகலாகவே நின்றுவிடுகின்றன. இதில் தாக்குதல் எங்கே இருக்கிறது?

குறுகிய தமனி வழியாக ரத்தம் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது, ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. நஞ்சுக்கொடியின் வெளியடுக்கு நைந்து, அதன் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. 1893-லேயே ஷ்மோர்ல் என்ற ஜெர்மன் நோயியலாளர், எக்ளாம்ப்சியாவில் (இந்த நோய் முற்றி வலிப்பு வரும் நிலை) இறந்த பெண்களின் நுரையீரல் தந்துகிகளில் பல உட்கருக்கள் கொண்ட நஞ்சுக்கொடிச் செல்கள் சிக்கியிருந்ததைப் பார்த்துவிட்டார். எல்லாக் கர்ப்பத்திலும் கொஞ்சம் துணுக்கு உதிரத்தான் செய்கிறது; வெள்ளணுக்களும் சற்று உஷாராகவே இருக்கின்றன. இதை வைத்து 1999-ல் ரெட்மன், சாக்ஸ், சார்ஜென்ட் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சாதாரணக் கர்ப்பமே ஒரு மிதமான அழற்சி நிலை, அது எல்லை மீறும்போதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான், ஏனென்றால் நோயையும் நலத்தையும் ஒரே கோட்டில் வைக்கிறது.

எல்லை மீறினால் என்ன ஆகும்? டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் கூடுகின்றன. எதிர்ப்பு சக்தியை அமைதிப்படுத்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் குறைகின்றன. ரத்தக்குழாயின் உள்சவ்வு வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிசுபிசுப்பாகிறது. கூடவே நஞ்சுக்கொடி எஸ்-ஃபிளிட்-1 என்ற புரதத்தை அள்ளிக் கொட்டுகிறது. உள்சவ்வை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து முடக்கிவிடும். 2003-ல் அனந்த் கருமாஞ்சி குழுவினர் இந்தப் புரதத்தைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் இரண்டும் வந்தன. சிறுநீரக வடிகட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், தந்துகிகளின் உள்சவ்வுச் செல்கள் உப்பிப்போய்த் துவாரத்தையே அடைத்துக்கொண்டு நிற்பது தெரியும்.

சரி, மருந்து? வந்தபின் அழற்சியை அணைக்க எதுவும் கைவசமில்லை. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு முன்கூட்டியே குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறார்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 11–14 வாரத்தில் தொடங்கி தினமும் இரவு 150 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்கும் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் வகை ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் தானாக எடுக்கக் கூடாது. நோயின் மூலத்தை நீக்குவது பிரசவம் மட்டுமே. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகும் ரத்தக்குழாய்கள் தேற நாளாகும். அதனால் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.