மீனைத் தேடும் சிப்பி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு தெற்கே வளைந்து திரும்பும் இடத்தில் மஸ்கட்டீன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 25,000-ஐத் தொடாது. ஆனால் 1905 வாக்கில் இந்த ஊர் ஆண்டுக்கு 150 கோடி பொத்தான்களைச் செய்து அனுப்பியது. அத்தனையும் ஆற்றுச் சிப்பியிலிருந்து வந்தவை.

ஜான் போப்பிள் என்ற ஜெர்மன் பொத்தான் தொழிலாளி 1891-இல் இங்கே பட்டறை போட்டார். சிப்பிகளை வேகவைத்துச் சதையை எடுத்துவிடுவார்கள். ஓடு வெட்டும்போது நொறுங்காமல் இருக்கத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அப்புறம் குழாய் வடிவ ரம்பத்தால் வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். மிஞ்சிய ஓட்டில் வரிசையாக ஓட்டைகள் தெரியும். தோசைமாவில் பணியாரக் குழி விழுந்ததுபோல.

பொத்தானின் பளபளப்புக்குச் சாயம் எதுவும் பூசவில்லை. சிப்பி ஓட்டின் உட்புறம் சுண்ணாம்புச் சத்தாலான மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்த வானவில் மினுக்கம்.

சரி, இத்தனை கோடி ஓடுகளை அள்ளினால் ஆறு தாங்குமா? தாங்கவில்லை. சிப்பிகள் வேகமாகக் குறைந்தன. அதனால் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃபேர்போர்ட்டில் அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சிப்பி பெருகும் விதம்தான் என்னை அதிகம் வியக்க வைக்கிறது.

சிப்பியின் இளம் உயிரி மண்ணில் நேரடியாக வளராது. மணல் துகள் அளவுள்ள அது ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்வ வேண்டும். மீனின் திசு அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். சில வாரங்கள் அங்கேயே ஒட்டியிருந்து உருமாறி, பிறகு ஆற்றடியில் உதிரும். கவ்வ மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். ஏதோ ஒரு மீன் கிடைத்தால் போதாது. சிப்பி இனத்துக்கு இனம் அதற்கேற்ற மீன் வேறு.

ஒரு வகைத் தாய்ச் சிப்பி செய்வதைப் பாருங்கள். தன் சதையின் ஓரத்தைக் குட்டி மீன்போல் நீட்டி ஆட்டுகிறது. அதில் கண்போல் ஒரு கறுப்புப் புள்ளி, துடுப்புபோல் மடிப்பு. இரை என்று பெரிய மீன் பாய்ந்து கடித்ததும், இளம் உயிரிகள் கொத்தாக வெடித்து அதன் செவுளுக்குள் போய்விடும். சிப்பிக்குப் பார்க்கும் கண்ணே கிடையாது!

ஃபேர்போர்ட்காரர்கள் இதைக் கையால் செய்தார்கள். மீன்களைத் தொட்டியில் விட்டு, இளம் உயிரிகளை ஒட்டவைத்து, ஆற்றில் திருப்பி விட்டார்கள்.

ஆனால் 1913-இல் தெற்கே கியோகக்கில் பெரிய அணை எழுந்தது. பொத்தானுக்கு மிகவும் விரும்பப்பட்ட கருஞ்சிப்பி ஒரே ஒரு மீனை நம்பியிருந்தது: ஆற்றில் மேலேறி வரும் ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங். அணையை அந்த மீனால் தாண்ட முடியவில்லை. மேல்பக்கம் எஞ்சிய தாய்ச் சிப்பிகள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. பருவம் வந்ததும் முட்டைகளைச் சுமந்து, இளம் உயிரிகளை ஆற்றில் விட்டுக்கொண்டே இருந்தன. கவ்வுவதற்கு மீன் வரவே இல்லை.